விளம்பரம் வரும்போதெல்லாம் எழுக

தேவனேரி,
4 ஆகஸ்டு 2024

அன்பிற்குரிய தங்கை ஜெபாவுக்கு,

கடற்காற்றும் கடவுளருளும் குறைவின்றிக் கிடைக்கும் இவ்வூரிலிருந்து உன் அண்ணன் ஸ்டான்லி எழுதுவது. உன் முழங்கால் வலி தணிந்ததா? மகன் ஷ்யாமும் மருமகள் ரூத்தும் பேத்தி திவ்யாவும் நலந்தானே?

தொலைபேசியில் நீ பேசுவது என் காதுக்கு எட்டாது என்பதை அறிவாய். வலக்காது முற்றும் ஓய்ந்துவிட்டது. இடக்காது, அருகில் நின்று கத்தினால் மட்டுமே இணங்குகிறது. காதுக்கருவியோ பேச்சை விட்டுவிட்டு மின்விசிறியின் இரைச்சலைப் பெருக்கித் தருகிறது. எனவே நமக்கு எழுத்தே துணை.

சென்ற செவ்வாயன்று குளியலறையில் வழுக்கி விழுந்தேன். அஞ்சாதே, எலும்பு முறியவில்லை. ஆனால் எழ முடியவில்லை, தங்கையே! மின்வாரியக் கம்பியாளனாய் ஊரூராய்க் கம்பம் ஏறி இறங்கிய நான், என் வீட்டுத் தரையிலிருந்து எழ இயலாமல் பிற்பகல் முழுதும் கிடந்தேன். காய்ந்த துணி எடுக்க வந்த அடுத்த வீட்டு மார்கரெட் எட்டிப் பார்த்துத் தூக்கிவிட்டாள்.

மறுநாளே என் மகன் ஜெரோம், தான் குடியிருக்கும் சிங்கப்பெருமாள் கோயில் ஊரிலிருந்து ஓடிவந்தான். "நைனா, வூட்ட வாடகைக்கு வுட்டுட்டு எங்ககூட வந்துடு. ஒண்டியா கீற, இன்னா ஏதுன்னா யாரு பாப்பா?" என்று காதருகே கத்தினான். நான் மறுத்தேன். அவனும் விடவில்லை. முடிவில் ஓர் உடன்பாடு கண்டோம். கிறிஸ்து பிறப்பு விழாவன்று நான் தரையில் அமர்ந்து, எவர் கையையும் எந்தச் சுவரையும் பற்றாமல் எழுந்து காட்டினால் இங்கேயே இருக்கலாம். இல்லையேல் வீட்டைப் பூட்டிச் சாவியை அவனிடம் தரவேண்டும்.

பிறர் நிலத்தில் குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவர்கள் நம் பெற்றோர். அவர்கள் கண்டதுண்டா சொந்தச் சுவரை? கேட்டதுண்டா சொந்தக் கதவின் ஓசையை? அக்குடும்பத்தில் முதன்முதல் எழுந்த கூரை இது. இதை விட்டு நான் எங்கே போவேன்? உன் இயல்பு வேறு. மகன் அழைத்ததும் மதுராந்தகத்து வீட்டை விட்டு மனமுவந்து செங்கல்பட்டுக்குப் போய்விட்டாய். எனக்கு அந்தப் பக்குவம் இல்லை.

உன் முழங்காலுக்கு மருத்துவமனையில் சில பயிற்சிகள் சொல்லித் தந்தார்களே, அவற்றை எனக்கும் எழுது. விடியலில் கடற்கரையில் நடக்கச் சொல்லாதே, நடக்கமாட்டேன். மாலையில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தால் படுக்கும்வரை அதுவே என் உலகம். அந்த உலகத்திற்குள் அடங்கும் பயிற்சியாகச் சொல்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஸ்டான்லி


செங்கல்பட்டு,
11 ஆகஸ்டு 2024

அன்பு அண்ணனுக்கு,

ஜெபாவின் வணக்கம். இங்கு அனைவரும் நலம். விழுந்த செய்தி படித்து நெஞ்சு பதறியது. இடுப்பில் வீக்கம் உண்டா? சர்க்கரை மாத்திரையை மறவாமல் விழுங்குகிறீர்களா?

நடக்க வேண்டா. தொலைக்காட்சியையும் விட வேண்டா. அது தானாகவே நமக்கு ஓய்வு மணி அடிக்கிறதே, அதைப் பிடித்துக்கொள்வோம். விளம்பரம் வரும்போதெல்லாம் எழுக! கதை நடக்கும்போது அமருங்கள். பொருள் விற்கும்போது அசையுங்கள்.

முதலில் பிளாஸ்டிக் நாற்காலியை ஒழித்துக்கட்டுங்கள், அது சறுக்கும். மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். தொடக்கத்தில் அமர்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, விரல்களை உங்கள் பக்கம் மடக்கி, மூச்சடக்காமல் சற்றே நிறுத்தி இறக்குங்கள். பிறகு மறுகால். அது பழகியபின், நாற்காலிக் கையைப் பற்றி எழுவதும் மெல்ல அமர்வதுமாகச் செய்யுங்கள். தொப்பென்று விழக்கூடாது, அமர்வதில்தான் தொடைக்கு வேலை. வலித்தால் நிறுத்துங்கள். மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இரவு எட்டு மணித் தொடரை நானும் விடுவதில்லை. தாமரைக்கும் அவள் மாமியார் மரகதத்துக்கும் நடக்கும் போரில் விளம்பரம் வந்ததும் அங்கே நீங்கள் எழுங்கள். இங்கே நான் எழுவேன். தனியே செய்கிறோம் என்ற எண்ணம் வேண்டா.

அண்ணா, அந்தச் சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

என்றும் உங்கள்,
ஜெபா


தேவனேரி,
1 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் நலமுடன் இருக்க வேண்டுகிறேன். மருத்துவர் இதயத்தையும் காலையும் சோதித்து, "செய்யலாம் பெரியவரே, அவசரம் மட்டும் கூடாது" என்று எழுதியே காட்டிவிட்டார்.

உன் சட்டப்படி நடக்கிறேன். இதுவரை விளம்பரங்களை வைதுகொண்டிருந்தவன், இப்போது அவற்றுக்காகக் காத்திருக்கிறேன். பல்பசை விற்கும்போது இடக்கால், சேலை விற்கும்போது வலக்கால், மனை விற்கும்போது எழுந்து அமர்தல். திருப்போரூரில் விற்கவேண்டிய மனைகள் இன்னும் நிறைய இருக்கின்றனபோலும். அவ்வளவு முறை எழவைக்கிறார்கள்! தொடையில் இனிய வலி ஒன்று இரவுதோறும் தங்குகிறது.

ஒரே குறை. படம் தெரிகிறது; பேச்சு கேட்பதில்லை. தாமரை சென்ற வாரம் பெட்டியோடு வாசலில் நின்றாள். ஏன் நின்றாள் என்பது விளங்கவில்லை. நீ கேட்டிருப்பாய். எழுதுவாயா?

அன்புடன்,
ஸ்டான்லி


செங்கல்பட்டு,
9 செப்டம்பர் 2024

அன்பு அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் தொடைவலி எனக்குத் தேனாய் இனித்தது. என் முழங்கால் முன்னைவிடத் தேறியிருக்கிறது.

தாமரை போகக் கிளம்பியதற்குக் காரணம் நகை. "அந்த வளையல நான் எடுக்கலத்த, என் புள்ளமேல சத்தியம்" என்றாள். மரகதம், "சத்தியம் பண்றவ வாய்க்குத்தான் வெக்கமே கெடையாது" என்றாள். அவள் குரலில் அப்படியொரு நஞ்சு! தாமரையின் கணவன் வாயே திறக்கவில்லை. ஒருமுறை தொண்டையைச் செருமினான், அவ்வளவே. இனி மடல்தோறும் பேச்சையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

அடுத்த படி இது. நாற்காலிக் கையைப் பற்றாமல், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழப் பழகுங்கள். எழுந்து நின்றபின் நாற்காலியின் முதுகைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குங்கள்.

அன்புள்ள,
ஜெபா


தேவனேரி,
6 அக்டோபர் 2024

என் அருமைத் தங்கைக்கு,

உடல் நலம். உள்ளந்தான் ஒரு மாதமாய்ப் படாதபாடு பட்டது.

என் மகன் எனக்கொரு நன்மை செய்தான். அந்நன்மையால் நான் வீழ்ந்தேன்! புதியதொரு பெட்டியைத் தொலைக்காட்சியில் மாட்டி, "நைனா, இனிமே ஒரு விளம்பரமும் வராது, நிம்மதியா பாரு" என்று பெருமையோடு முதுகில் தட்டினான். வரவில்லை, தங்கையே, ஒன்றுகூட வரவில்லை! தாமரை அழுகிறாள், மரகதம் முறைக்கிறாள், இடையில் ஒரு பல்பசைகூட இல்லை. அவன் ஆசையாய்ச் செய்ததை எடுக்கச் சொல்ல வாய் எழவில்லை. நானோ உருவாக்கிய பழக்கத்தை மறந்து மீண்டும் கல்லாய் அமர்ந்தேன். முழங்கால் துருவேறிய கீல்போல் முனகியது.

அப்போதுதான் கண்டேன். மார்கரெட் வீட்டு அடுக்களை என் சன்னலுக்கு நேரே இருக்கிறது. அவளும் அதே நேரத்தில் தொலைக்காட்சி பார்க்கிறாள். விளம்பரம் வந்ததும் குழம்பைக் கிளற அடுக்களைக்கு ஓடுகிறாள், விளக்கு எரிகிறது. கதை தொடங்கியதும் அணைத்துவிட்டு ஓடுகிறாள். அந்த விளக்கு எரிந்தால் எழுவேன், அணைந்தால் அமர்வேன் என்று வைத்துக்கொண்டேன்.

சென்ற வாரம் சனிக்கிழமை விளக்கு எரிந்தது, எரிந்துகொண்டே இருந்தது. நானும் எழுந்தேன், அமர்ந்தேன், எழுந்தேன், அமர்ந்தேன். இந்நாட்டில் விற்பதற்கு இத்தனை பொருளா என்று வியந்தபடி வியர்வையில் நனைந்தேன். மறுநாள் ஆலயத்துக்குப் போகவும் கால் வரவில்லை. நலம் விசாரிக்க வந்த மார்கரெட்டிடம் உண்மையைச் சொன்னேன். "அடப் பெரீப்பா! தங்கச்சி வூட்டுக்காரங்க வந்தாங்கன்னு பிரியாணி செஞ்சிகினு இருந்தேன். நீ இன்னாடான்னா டிவிய வுட்டுட்டு என் வூட்டு சன்னலயே பாத்துகினு கீறியா?" என்று என் இடக்காதில் கத்தி, வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். பிறகு, "சரி, இனிமே கொழம்பு தீஞ்சாலும் விளம்பரம் முடிஞ்சா லைட்ட அமுத்திர்றேன், போ" என்றாள். சொல் தவறவில்லை. நான் மீண்டும் எழத் தொடங்கிவிட்டேன்.

தரையிலிருந்து எழும் வழியை எழுது.

ஸ்டான்லி


செங்கல்பட்டு,
18 அக்டோபர் 2024

அன்பு அண்ணனுக்கு,

உங்கள் மடல் படித்துச் சிரித்த சிரிப்பில் ரூத் வந்து "இன்னா அத்த, ஒண்டியா சிரிக்கிற?" என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மார்கரெட்டுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

தரைப்பாடம் இது. தடித்த பாயை விரியுங்கள். முதல் நாள்களில் மார்கரெட் அருகில் இருக்கட்டும். அமர்ந்த நிலையிலிருந்து நேராக எழ முயலாதீர்கள். அங்கேதான் எல்லாரும் தோற்கிறோம். ஒருபக்கமாய்த் திரும்பி, இரு கைகளையும் தரையில் ஊன்றி, குழந்தை தவழ்வதுபோல் முழங்காலில் நில்லுங்கள். வலுவான காலை முன்னே வைத்துப் பாதத்தை அழுந்தப் பதியுங்கள். இரு கைகளையும் அந்தத் தொடைமேல் ஊன்றி எழுங்கள். தரையும் உங்கள் உடலும் போதும், சுவர் வேண்டியதில்லை.

திங்களன்று நடந்ததைச் சொல்லவேண்டும். மரகதம் மனம் திருந்திவிட்டாள்! "நீ போயிட்டின்னா நான் உசுரோட இருக்கமாட்டேன்டி தாமர" என்று விம்மி விம்மி அழுதாள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

அன்புடன்,
ஜெபா


தேவனேரி,
3 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

மழை பிடித்துக்கொண்டது. கடல் கலங்கியிருக்கிறது, நான் நலம். நேற்று முழங்காலில் நிற்கும்வரை வந்துவிட்டேன். அதற்குமேல் எழும்போது உடல் நடுங்கியது. மார்கரெட் தோள் கொடுத்தாள்.

இம்முறை கேள்வி என்னுடையது.

மரகதம் அழவில்லை, ஜெபா. முகத்தை முந்தானையால் மூடி முதுகு குலுங்க நடித்தாள். தாமரை தோளில் சாய்ந்ததும், அவள் முதுகுக்குப் பின்னே முகத்தைத் திருப்பி நம்மைப் பார்த்துச் சிரித்தாள். திரை நிறைய அந்தச் சிரிப்புத்தான்! காதில்லாத நான் கண்டேன். கண்ணுள்ள நீ காணவில்லையா?

பழைய மடல்களை எடுத்துப் புரட்டினேன். இவள் இப்படிப் பேசினாள், அவன் செருமினான் என்றே எழுதியிருக்கிறாய். எவரும் எதையும் உடுத்தியதாகவோ, எங்கும் நின்றதாகவோ ஒரு சொல் இல்லை. உன் கண்ணுக்கு ஏதேனும் நேர்ந்ததா? மறைக்காமல் எழுது.

கவலையுடன்,
ஸ்டான்லி


செங்கல்பட்டு,
4 டிசம்பர் 2024

அன்பு அண்ணனுக்கு,

வணக்கம். பதில் காலந்தாழ்ந்தது, மழைமேல் பழி போட எண்ணியிருந்தேன். வேண்டா.

என் கண் நன்றாகவே தெரிகிறது. தொலைக்காட்சிதான் தெரியாது. அது கூடத்தில் இருக்கிறது. என் கட்டில் பின்னறையில். கூடத்துச் சாய்விருக்கையில் மூவர் அமரலாம்; அவர்கள் மூவர். வராதே என்று எவரும் சொன்னதில்லை. வா என்றும் எவரும் சொன்னதில்லை. சுவருக்கு இப்பால் அமர்ந்து கேட்கிறேன். விளம்பரப் பாட்டுகள் எல்லாம் மனப்பாடம். பாட்டு ஒலித்ததும் கட்டில் விளிம்பிலிருந்து எழுகிறேன். அங்கே நீங்கள் எழுவீர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

மனமுவந்து வந்ததாக எழுதியிருந்தீர்கள். சனவரியில் ஒரு ஞாயிறு, விருந்துக்கு என்று ஷ்யாம் காரில் அழைத்துவந்தான். உண்டு முடித்துக் கிளம்பியபோது, "இன்னாத்துக்கும்மா திரும்பிப் போற? வூட்டுக்கு வாடகை ஆள் பேசிட்டேன், சாமானெல்லாம் நாளைக்கு வந்துரும்" என்றான். அன்பால் செய்தான். முழங்கால் வலியில் நான் படும் பாட்டைக் கண்டவன் அவன். குறை சொல்லமாட்டேன். எழுந்து நின்று மறுத்திருக்கலாம், நான் எழவில்லை.

ஆகவேதான் நீங்கள் எழவேண்டும் என்கிறேன். ரூத்திடமோ ஷ்யாமிடமோ இதைப் பேசாதீர்கள்.

திருவிழாவுக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. பாயை விரியுங்கள்.

உங்கள்,
ஜெபா


தேவனேரி,
27 டிசம்பர் 2024

வெற்றிச் செய்தியோடு எழுதும் அண்ணனின் விழா வாழ்த்து, உனக்கும் வீட்டார்க்கும்!

எழுந்தேன், தங்கையே, எழுந்தேன்! ஒருமுறையன்று, இருமுறை. விருந்து முடிந்து அனைவரும் களைத்திருந்தபோது, உருண்ட ஆரஞ்சைப் பிடிக்கத் தரையில் அமர்ந்தவன், திரும்பி, தவழ்ந்து, காலூன்றி எழுந்துவிட்டேன். ஜெரோமோ கைப்பேசியில் மூழ்கியிருந்தான்! பலகாரத்தோடு வந்த மார்கரெட், "யோவ் ஜெரோமு, உங்க நைனா எந்திரிச்சிட்டாருய்யா!" என்று கூவினாள். "நான் பாக்கலயே! செல்லாது. இன்னொரு வாட்டி குந்து நைனா" என்று ஜெரோம் காதருகே வந்து கத்தினான். அமர்ந்தேன். மீண்டும் திரும்பி, தவழ்ந்து எழுந்தேன். "சரி நைனா. நீ இங்கயே இரு" என்றான். அவன் கண் ஈரமாயிற்று.

வீடு என்னுடையதாயிற்று. அன்றே மற்றொரு முடிவும் எடுத்தேன். நீ சுவருக்குப் பின்னே அமர்ந்திருப்பதை இனி ஒருநாளும் பொறேன். இனி நீ இங்கேதான் இருப்பாய். ஷ்யாமிடம் ஜெரோம் பேசிவிட்டான், அவனும் இசைந்துவிட்டான். கடலைப் பார்த்த அறையை ஒழித்து உனக்குக் கட்டில் போட்டாயிற்று. நாளைச் சனிக்கிழமை ஜெரோம் காரோடு வருகிறான். இம்மடலும் அவன் கையில்தான் வருகிறது. பையை எடு, கிளம்பு!

உன் வருகைக்காக வாசலில் நிற்கும்,
ஸ்டான்லி


செங்கல்பட்டு,
30 டிசம்பர் 2024

அன்பு அண்ணனுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நீங்கள் எழுந்த செய்தியை மீண்டும் மீண்டும் படித்தேன். படித்து, கட்டில் விளிம்பிலிருந்து ஒருமுறை நானும் காரணமின்றி எழுந்து நின்றேன்.

காரை வெறுமையாய்த் திருப்பி அனுப்பினேன், அறிந்திருப்பீர்கள். ஜெரோம், "இன்னா அத்த, பைய எடுக்கலியா? எல்லாம் பேசி முடிச்சாச்சி, வா" என்றான். தேநீர் கொடுத்து, "யாருகிட்டப்பா பேசி முடிச்சீங்க?" என்று கேட்டேன். பிள்ளை தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். அவன்மேல் பிழையில்லை.

உங்களிடம் கேட்கிறேன். ஷ்யாமிடம் பேசினீர்கள். ஜெரோமிடம் பேசினீர்கள். கட்டிலைக்கூட எங்கே போடுவதென்று பார்த்தீர்கள். நான் ஒருத்தி இருக்கிறேனே, அண்ணா, என்னை யார் கேட்டார்? உங்களுக்கு மகன் ஐந்து மாதம் தவணை கொடுத்தான். எழுந்து காட்ட வாய்ப்புக் கொடுத்தான். எனக்கு இரண்டு முறையும் கார்தான் வந்தது.

உடல்நலம் பேணுங்கள். பயிற்சியை விடாதீர்கள்.

ஜெபா


தேவனேரி,
8 சனவரி 2025

அன்புத் தங்கை ஜெபாவுக்கு,

நீ நலமா?

பல தாள்களைக் கிழித்தேன். மேடையில் முழங்குவதுபோல் விளக்கங்கள் எழுதினேன், எல்லாவற்றையும் கிழித்தேன். எனக்கு எதைச் செய்தால் பொறுக்கமாட்டேனோ, அதையே உனக்குச் செய்தேன்.

கட்டிலைப் பிரித்துவிட்டேன். அறை வெறுமையாய் இருக்கிறது.

இங்கே வந்து இருக்க உனக்கு விருப்பமா? எத்தனை நாள் என்பது உன் விருப்பம். வர விருப்பமில்லை என்றாலும் மடல் எழுதுவதை நிறுத்திவிடாதே.

ஸ்டான்லி


செங்கல்பட்டு,
18 சனவரி 2025

அன்பு அண்ணனுக்கு,

நலம். பொங்கல் நன்றாக நடந்தது.

வருகிறேன்.

ஷ்யாமிடம் கேட்கவில்லை, சொன்னேன். "எவ்ளோ நாளுக்கும்மா?" என்றான். "தெரியலப்பா. தோணும்போது திரும்பி வருவேன், தோணும்போது போவேன்" என்றேன். ரூத்துதான், நான் சுவருக்கு இப்பால் அமர்ந்து கேட்டதை அறிந்து முகம் வாடிப்போனாள். "டிவி பாக்கணும்னா ஹாலுக்கு வந்திருக்கலாமே அத்த, நீ படுத்துகினுகீறன்னு இல்ல நெனச்சோம்" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். அன்று மாலை நானே சென்று சாய்விருக்கையில் அமர்ந்தேன்; திவ்யா தரைக்கு இறங்கிக்கொண்டாள். விளம்பரம் வந்ததும் நான் எழ, "இன்னா ஆயா பண்ற?" என்று கேட்டு அவளும் எழுந்துவிட்டாள். போவதற்கு முன் இந்தச் சில மாலைகளும் எனக்கு வேண்டியிருந்தன.

ஜெரோமை அனுப்ப வேண்டா. அடுத்த வியாழன் காலைப் பேருந்தில் வருகிறேன். நேற்றே பேருந்து நிலையம் சென்று, உங்கள் ஊரை அடுத்த மாமல்லபுரத்துக்குப் போக நின்றிருந்த வண்டியில் ஏறி இறங்கிப் பார்த்தேன். முதற்படி உயரந்தான். மறுபடி ஏறும்போது நடத்துநர், "இன்னாம்மா ஏறுறே, எறங்குறே? எங்க போவணும்?" என்றார். "இன்னைக்கு எங்கயும் போவலப்பா, வியாழக்கெழம போவணும்" என்றேன். "அதுக்கு இன்னைக்கே ஏறிப் பாக்கிறியா?" என்று சிரித்து, வழிவிட்டுத் தள்ளி நின்றார். கை நீட்டவில்லை. அந்த மனிதர் நன்றாயிருக்கட்டும்.

கட்டிலை எங்கே போடுவது என்பதை வந்து பார்த்துச் சொல்கிறேன். நிறுத்தத்தில் வந்து நிற்காதீர்கள், அண்ணா. கதவை மட்டும் தாழிடாமல் வையுங்கள்.

புறப்படும்,
ஜெபா